புனிதர் பட்டமும் டாக்டர் பட்டமும்: எங்க வீட்டுச் சண்டையில நான் கத்துக்கிட்டது

அம்மாவை ஐசியூல இருந்து வார்டுக்கு மாத்தின அன்னைக்கு சாயங்காலம்தான் எனக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரருக்கும் முதல் சண்டை. அம்மா கண்ணைத் திறந்து முதல்ல சொன்னது "அந்தோனியாரே, நன்றி". நாங்க கத்தோலிக்கர்கள், அந்தோனியார் அம்மா எப்பவும் வேண்டிக்கிற புனிதர். மாப்ள புனிதர்கள்கிட்ட வேண்டாத புராட்டஸ்டன்ட் சபைக்காரர். பக்கத்துல நின்ன மாப்ள மூணு நாளா உபவாசம் இருந்து ஜெபம் பண்ணவர், ராத்திரி ரெண்டு மணிக்கு காரிடார் ஓரமா முழங்கால்ல இருந்ததை நானே பாத்திருக்கேன். அவர் முகம் மாறிடுச்சு. வெளிய வந்து மெதுவாத்தான் கேட்டார், "மச்சான், சுகம் கொடுத்தது கர்த்தர், நன்றி மட்டும் ஏன் அந்தோனியாருக்கு?"

இப்ப யோசிச்சா ரொம்ப நியாயமான கேள்வி, கேட்ட விதமும் மரியாதையாத்தான் இருந்துச்சு. ஆனா தூக்கமில்லாம இருந்த எனக்கு அது அம்மாவோட விசுவாசத்தையே மட்டம் தட்டின மாதிரி பட்டுச்சு, வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். "நீங்க எங்க தியாலஜி படிச்சீங்க மாப்ள? நான் ரெண்டு வருஷம் படிச்சிருக்கேன். படிச்சுட்டு வந்து பேசுங்க." அவர் ஒண்ணும் சொல்லல, தங்கச்சியைக் கூப்பிட்டுக்கிட்டு கிளம்பிட்டார்.

நான் படிச்சது பொதுநிலையினருக்குன்னு, அதாவது குருக்கள் இல்லாத சாதாரண விசுவாசிகளுக்குன்னு நடத்துற வார இறுதி வகுப்பு. நல்ல வகுப்புதான், அதுல குறை இல்ல, ஆனா கிரேக்கம் எபிரேயம் ஒரு எழுத்து சொல்லித்தரல, ஆராய்ச்சின்னு எதுவும் எழுதல, கடைசில ஒரு சான்றிதழ் கொடுத்தாங்க, அவ்வளவுதான். அவர் பைபிள் காலேஜ் பக்கமே போனதில்ல, வேலை முடிஞ்சு வந்து ஒரு சின்ன ஜெபக்குழு நடத்துறவர், ஆனா ஆதியாகமத்துல இருந்து கடைசி வரைக்கும் பைபிளை எத்தனையோ தடவை முடிச்சவர். நான் அதுவரைக்கும் ஒரு தடவைகூட முழுசா முடிச்சதில்ல. இது தெரிஞ்சேதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அடுத்த சண்டை ஒரு மாசம் கழிச்சு. அவங்க சபைக்கு வந்த ஒரு போதகரை அம்மாவைப் பாக்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தார், பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்கும். அவர் பேச ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல மாதா கிட்ட வேண்டுறது விக்கிரக ஆராதனை, செத்தவங்ககிட்ட பேசுறது குறி கேக்குறதுக்குச் சமம்னு போயிட்டார். நான் அவர் பேசப் பேச போன்ல தேடினேன். அந்த டாக்டர் கௌரவப் பட்டம், கொடுத்த இடத்துக்கு அங்கீகாரம் இருக்குற மாதிரியும் தெரியல. அதை எல்லார் முன்னாடியும் சத்தமா படிச்சேன். அவர் எழுந்து போயிட்டார். ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு, ஆனா அன்னைக்கு ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது, அவர் சொன்ன ஒரு வசனத்துக்குக்கூட நான் பதிலே சொல்லல. தங்கச்சி போன் பண்ணி, "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் அம்மாவுக்காகத்தான் ஜெபம் பண்ணீங்க, இப்ப உங்க சண்டைல அம்மா எங்க இருக்காங்க?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டா. அதுக்கப்புறம் எட்டு மாசம் எனக்கும் மாப்ளைக்கும் பேச்சு இல்ல.

அந்த எட்டு மாசத்துல நான் படிச்சதும், அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசினதும்தான் இங்க எழுதுறேன். ரெண்டு சபையும் கலந்த குடும்பங்கள்ல இதே சண்டை நடக்குதுன்னு எனக்குத் தெரியும், கல்யாணம், சாவு, ஞானஸ்நானம்னு ஒவ்வொரு தடவையும் இது தலை தூக்கும். புனிதர் பட்டம், டாக்டர் பட்டம் ரெண்டுக்கும் நம்ம பாஷைல ஒரே வார்த்தை, சண்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான். "அவர் புனிதர்னு யார் சொன்னா?"ன்னு அவங்க கேப்பாங்க, "நீ சொல்றதுக்கு உனக்கு என்ன படிப்பு இருக்கு?"ன்னு நம்ம கேப்போம். ரெண்டு கேள்விக்கும் அடில ஒரே விஷயம்தான், கடவுளைப் பத்தி முடிவா சொல்ற அதிகாரம் யார்கிட்ட இருக்கு. அதைப் பேசாம மேல மேல பேசிட்டே இருந்தா எத்தனை வருஷம் ஆனாலும் முடியாது.

முதல்ல வார்த்தைங்க. பாதிச் சண்டை இங்கயே இருக்கு. அவர் உபாகமம்னு சொன்னா நான் இணைச்சட்டம்னு தேடணும், அவர் வெளிப்படுத்தின விசேஷம், நான் திருவெளிப்பாடு, அவர் அப்போஸ்தலர் நடபடிகள், நான் திருத்தூதர் பணிகள். ஒரே புத்தகம், ஆனா கோவமா இருக்கும்போது இவன் வேற பைபிள் வச்சிருக்கான்னுதான் தோணும். அதைவிட பெரிய சிக்கல் பரிசுத்தவான்கள்ங்கிற வார்த்தை. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது அங்க உயிரோட இருக்குற விசுவாசிகளைத்தான் பரிசுத்தவான்கள்னு கூப்பிடுறார், மாப்ளைக்கு அந்த வார்த்தைன்னா அவர் சபைல பக்கத்துல உக்காந்திருக்குற ஆளும் சேத்தி. எனக்குப் புனிதர்னா திருச்சபை விசாரிச்சு, அறிவிச்சு, பரலோகத்துல இருக்கார்னு சொன்ன ஆள். இது தெரியாம பேசினா ரெண்டு பேரும் வேற வேற ஆளுங்களைப் பத்திப் பேசிட்டு இருப்போம்.

வணங்குறதுங்கிற வார்த்தை இன்னும் மோசம். மனுஷனுக்கு மனுஷன் வணக்கம் சொல்றோம், கடவுளையும் வணங்குறோம். கத்தோலிக்கப் பக்கம் ரொம்ப காலமா இதுக்கு வேற வேற சொல் வச்சிருக்காங்க. கடவுளுக்கு மட்டும் உரியது லாட்ரியா, நம்ம ஆராதனைன்னு சொல்றது. புனிதர்களுக்குக் கொடுக்குற மரியாதை டூலியா. மாதாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, ஹைப்பர்டூலியா. 787ல ஆயர்கள் கூடி நடத்தின ரெண்டாம் நிசேயா சங்கத்துலயே படங்களுக்குக் காட்டுற மரியாதை வேற, கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனை வேறன்னு பிரிச்சு வச்சாங்க. ஆனா இதை நான் மாப்ளகிட்ட சொன்னப்ப அவர் கேட்டது நியாயம், "புத்தகத்துல பிரிச்சிருக்கீங்க மச்சான், முழங்கால்ல இருக்குற அத்தை மனசுல பிரிஞ்சிருக்கா?" இதுக்கு என்கிட்ட நேர் பதில் இல்ல. சிலர் மனசுல பிரிஞ்சிருக்கு, சிலர் மனசுல பிரியல, அதுதான் உண்மை.

அப்ப எனக்கு உதவினது புனிதர்களோட மன்றாட்டுமாலை, புனிதர்கள் பேரை வரிசையா சொல்லி வேண்டுற செபம். அதுல வினைச்சொல்லைக் கவனிங்க. கடவுளைக் கூப்பிடும்போது இரக்கம் கேக்குறோம், புனிதர் பேர் வந்த உடனே பதில் மாறிடும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". அருள் நிறைந்த மரியே செபமும் அப்படித்தான், முதல் பாதி லூக்கா முதல் அதிகாரத்துல வானதூதரும் எலிசபெத்தும் சொன்ன வாழ்த்து, ரெண்டாவது பாதில நம்ம கேக்குறது எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்ங்கிறது மட்டும்தான், ரெண்டாவது பாதி இப்ப இருக்குற வடிவத்துல 1568ல வந்த செபப் புத்தகத்துலதான் நிலைச்சுது. அதனால யார்கூடயாவது இதைப் பேசுறதா இருந்தா, புனிதர்களைக் கும்பிடலாமா கூடாதான்னு ஆரம்பிக்காதீங்க. நீங்க வாய்ல என்ன வார்த்தை சொல்றீங்க, அதை அப்படியே சொல்லுங்கன்னு கேளுங்க. நான் சொல்லிக் காட்டினப்ப மாப்ள கொஞ்ச நேரம் யோசிச்சார், அப்புறம் "இது ஆராதனை இல்ல, ஒத்துக்கறேன், ஆனா கேக்குற ஆள் தப்பு"ன்னார். அது பெரிய நகர்வு. விக்கிரகம்ங்கிற குற்றச்சாட்டு போயி, கேக்கலாமா கூடாதாங்கிற உண்மையான வித்தியாசத்துக்கு வந்துட்டோம்.

சரி, வசனங்கள். அவர் பக்கம் பெரிய தூண் 1 தீமோத்தேயு 2:5, மத்தியஸ்தர் ஒருவரே. நான் அதே அதிகாரத்துல முதல் வசனத்தைக் காட்டுவேன், எல்லாருக்காகவும் வேண்டுதல் பண்ணுங்கன்னு பவுலே சொல்றார், அப்ப ஒருத்தருக்காக ஒருத்தர் வேண்டுறது அந்த ஒரே மத்தியஸ்தரைக் குறைக்காதே. அவர் உடனே, "அது உயிரோட இருக்குறவங்க." சரியான எதிர்வாதம். அப்ப கேள்வி என்ன ஆச்சு? சாவு அந்த உறவை அறுக்குமா அறுக்காதாங்கிறது. நான் ரோமர் 8 எடுப்பேன், மரணமும் கிறிஸ்துவோட அன்பை விட்டுப் பிரிக்காது, எபிரேயர் 12 எடுப்பேன், நம்மைச் சுத்தி மேகம் மாதிரி சாட்சிகள், வெளிப்பாடு 5:8 எடுப்பேன், இருபத்துநாலு மூப்பர்கள் கைல பரிசுத்தவான்களோட ஜெபம் தூபமா இருக்கு. அவர் உபாகமம் 18 எடுப்பார், செத்தவங்ககிட்ட விசாரிக்காதே, சவுல் ராஜா செத்துப்போன சாமுவேலை எழுப்பச் சொல்லி அஞ்சனக்காரிகிட்ட போன கதை. நான் சொல்வேன், சவுல் போனது எதிர்காலம் தெரிஞ்சுக்க, நம்ம யாரும் அந்தோனியார்கிட்ட குறி கேக்கல. அவர், "வெளிப்பாட்டுல மூப்பர்கள் கைல ஜெபம் இருக்கு, சரி, ஆனா யாராவது மூப்பரே எனக்காக வேண்டும்னு சொல்றாங்களா?" இல்ல, சொல்லல. பைபிள்ல அப்படி ஒரு கட்டளை இல்லங்கிறது நான் ஒத்துக்க வேண்டியது.

இன்னொண்ணு கேட்டார், 16ம் நூற்றாண்டு புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் காலத்துல இருந்தே கேக்குற கேள்விதான், உலகம் முழுக்க ஒரே நேரத்துல லட்சக்கணக்கான பேர் கூப்பிட்டா ஒரு மனுஷன் எப்படி கேப்பார், அது கடவுளுக்கு மட்டும் உரிய சக்தி இல்லையா? கத்தோலிக்கப் பதில், அவங்க சொந்த சக்தில கேக்கல, கடவுளை நேருக்கு நேர் பாக்குறவங்களுக்கு அவர் காட்டுறதை அவர் வழியா தெரிஞ்சுக்கறாங்க, இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இப்படித்தான் விளக்குறார். மாப்ளைக்கு இது போதல. எனக்குப் போதும். இந்த இடத்துல ரெண்டு பேரும் நேர்மையா நின்னுட்டோம்.

மக்கபேயர் விஷயம் தனியா சொல்லணும். 2 மக்கபேயர் 15ல செத்துப்போன எரேமியா ஜனங்களுக்காக வேண்டுறதா ஒரு கனவு வருது. என் பைபிள்ல அது இருக்கு, அவர் பைபிள்ல இல்ல. கத்தோலிக்க ஆயர்கள் கூடின திரெந்து சங்கம் 1546ல அதை இறைவார்த்தைன்னு உறுதி பண்ணுச்சு, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச லூதர் 1534ல வெளியிட்ட ஜெர்மன் பைபிள்ல அந்தப் புத்தகங்களைப் படிக்க நல்லது ஆனா வேதத்துக்குச் சமம் இல்லன்னு தனியா வச்சார். அதனால அந்த வசனத்தை அவர் முன்னாடி வச்சா அவருக்கு அது ஆதாரமே இல்ல. அதை வச்சு ஜெயிக்கப் பாக்காதீங்க, அந்தக் காலத்து யூதர்கள்ல சிலர் இப்படி நம்பினாங்கன்னு வரலாறா மட்டும் காட்டலாம், அதை மாப்ள ஏத்துக்கிட்டார்.

என்னை ரொம்ப மாத்தினது ஒரு பழக்கம், எதிர்ப் பக்கத்தைப் பத்தி நம்ம ஆளுங்க சொல்றதைப் படிக்கிறதை நிறுத்திட்டு அவங்களே எழுதினதைப் படிக்கிறது. 1530ல லூத்தரன்கள் சமர்ப்பிச்ச ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கைல 21வது பகுதி புனிதர்களைப் பத்தினது. புனிதர்களை மறந்துடுங்கன்னு அதுல இல்ல! அவங்களை நினைக்கலாம், அவங்க விசுவாசத்தைப் பாத்து நம்மைப் பலப்படுத்திக்கலாம், ஆனா அவங்களைக் கூப்பிட்டு உதவி கேக்க வேதம் சொல்லித்தரலன்னு இருக்கு. அடுத்த வருஷம் லூதரோட கூட்டாளி மெலாங்க்தன் அதுக்கு எழுதின விளக்கத்துல ஒரு படி மேல, பரலோகத்துல இருக்குற பரிசுத்தவான்கள் திருச்சபைக்காகப் பொதுவா ஜெபிக்கிறாங்கன்னே ஒத்துக்கறார், அதனால நம்ம அவங்களைக் கூப்பிடணும்னு ஆகாதுன்னுதான் வாதம். வேதத்துல இதுக்குச் சாட்சி இல்ல, மக்கபேயர்ல வர்ற அந்தக் கனவைத் தவிரன்னும் அவரே எழுதுறார். இது எதுவும் எங்க வகுப்புல சொல்லித்தரல.

அதே மாதிரி என் பக்கத்தையும் மூலத்துலயே படிச்சேன். 1563 டிசம்பர்ல திரெந்து சங்கம் சொன்னது, புனிதர்களை மன்றாடுறது நல்லது, பயனுள்ளதுன்னு. செய்யலன்னா மீட்பு கிடையாதுன்னு அங்க சொல்லல. அதே ஆவணத்துலயே மூடநம்பிக்கையையும் இதை வச்சுக் காசு பாக்குறதையும் ஒழிக்கணும்னும் இருக்கு. ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ல, மாதாவோட பங்கு கிறிஸ்துவோட ஒரே இடைநிலையை எந்த விதத்துலயும் மறைக்காது, குறைக்காதுன்னு தெளிவா எழுதிடுச்சு. இதைப் படிச்சப்புறம் எனக்கு எங்க பக்கத்துத் தப்பை ஒத்துக்க தைரியம் வந்துச்சு. இந்தப் புனிதர் படத்தை ஒம்பது பேருக்கு அனுப்பு, அனுப்பலன்னா கெட்டது நடக்கும்னு எங்க சொந்தக்காரங்களே வாட்ஸப்ல அனுப்புவாங்க. அது கத்தோலிக்கப் போதனைக்கே விரோதம். அதை மாப்ள சொல்றதுக்கு முன்னாடி நானே குடும்ப குரூப்ல சொன்னேன், ரெண்டு சித்தப்பா கோவிச்சுக்கிட்டாங்க, ஆனா மாப்ள எட்டு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையா எனக்குத் தனியா மெசேஜ் அனுப்பினது அன்னைக்குத்தான். "தேங்க்ஸ் மச்சான்", அவ்வளவுதான் இருந்துச்சு.

இனி படிப்பு விஷயம். இதுல நான் பண்ண தப்பு பெருசு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பேருக்கு முன்னாடி டாக்டர்னு இருந்தா நாலு விஷயம் பாக்கணும். எந்தப் பாடத்துல, யார் கொடுத்தது, கொடுத்த இடத்துக்கு அங்கீகாரம் உண்டா, ஆராய்ச்சி பண்ணி வாங்கினதா இல்ல கௌரவமா கொடுத்ததா. கௌரவ டாக்டர் பட்டம் வாங்குறது தப்பே இல்ல, ஊழியத்துக்குக் கிடைச்ச மரியாதை அது, ஆனா அதைக் காட்டி நான் ஆராய்ச்சி பண்ணவன்னு பேசினா தப்பு. எம்.டிவ் (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி)ங்கிறது பொதுவா மூணு வருஷம், சபை நடத்த ஆளைத் தயார் பண்றது. டி.மின் (டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி)ங்கிறது ஊழிய அனுபவத்தை வச்சுப் பண்ற டாக்டரேட், பிஎச்.டி ஆராய்ச்சிப் பட்டம், ரெண்டும் வேற. கத்தோலிக்கப் பக்கம் பேச்சிலர், லைசென்ஷியேட், டாக்டரேட்னு மூணு படி, குருமடத்துல சொல்லிக்கொடுக்க லைசென்ஷியேட்டாவது எதிர்பாப்பாங்க. ஆலோசனை ஊழியத்துல டாக்டரேட் வாங்கினவர் ரெண்டாம் நூற்றாண்டு திருச்சபை வரலாறு பத்தி சொல்றப்ப அவரும் நம்மள மாதிரி வாசகர்தான். எங்க ஃபாதர் ஒருத்தருக்குத் திருச்சபைச் சட்டத்துல டாக்டரேட், அவர்கிட்ட ஒரு கிரேக்க வார்த்தையைப் பத்திக் கேட்டப்ப "இது என் பாடம் இல்ல, தெரிஞ்சவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்"னார், அவர்மேல எனக்கு மதிப்பு கூடிடுச்சு.

இவ்வளவும் செக் பண்ணி, பட்டம் உண்மைன்னே தெரிஞ்சாலும் அது இந்தச் சண்டையை முடிக்காது. ஏன்னா ரெண்டு பக்கமும் உண்மையான டாக்டர்கள் இருக்காங்க. அமெரிக்காவுல லூத்தரன், கத்தோலிக்க அறிஞர்கள் 1983ல இருந்து 1990 வரைக்கும் இதே தலைப்புல உக்காந்து பேசினாங்க, ஒரே மத்தியஸ்தர், புனிதர்கள், மரியா. கிரேக்கம், லத்தீன் எல்லாம் கரைச்சுக் குடிச்சவங்க. நிறைய விஷயத்துல கிட்ட வந்தாங்க, புனிதர்களை மன்றாடுறதுல முழுசா ஒத்துப்போகல. அப்ப படிப்பு குறைஞ்சதால வந்த வித்தியாசம் இல்ல இது.

இறையியல் டாக்டர் பட்டம் இல்லாம பெரிய ஆளானவங்களும் ரெண்டு பக்கமும் உண்டு. கால்வின் படிச்சது சட்டம். லண்டன்ல பேர்போன பிரசங்கியார் ஸ்பர்ஜன் இறையியல் கல்லூரிக்கே போகல. 20ம் நூற்றாண்டு புராட்டஸ்டன்ட் இறையியலாளர் கார்ல் பார்த் ஆராய்ச்சி பண்ணி டாக்டரேட் வாங்காமலேயே இறையியல் பேராசிரியர் ஆனவர். எங்க பக்கம் குழந்தை தெரசா, 24 வயசுல இறந்தவங்க, எந்தக் கல்லூரியும் பாக்காதவங்க, 1997ல அவங்களைத் திருச்சபையோட மறைவல்லுநர்னு அறிவிச்சாங்க, டாக்டருங்கிற அதே லத்தீன் வார்த்தைதான் அங்கயும். எங்க அம்மாவோட அந்தோனியார் 1231ல இறந்து ஒரு வருஷத்துக்குள்ள புனிதர் பட்டம் வாங்கினவர், மறைவல்லுநர் பட்டம் 1946லதான் வந்துச்சு. மாப்ளைக்கு இதைச் சொன்னப்ப ஆச்சரியப்பட்டார், அந்தோனியார்னா தொலைஞ்ச சாமானைத் தேடித் தர்றவர்னுதான் அவர் கேள்விப்பட்டிருக்கார், பைபிளைக் கரைச்சுக் குடிச்ச பிரசங்கியார்னு தெரியாது. எங்க ஆளுங்க பலருக்கே தெரியாது, அது எனக்கு வருத்தம்தான்.

அதுக்காகப் படிப்பே வேண்டாம்னு பேசுறதும் தப்பு. "எங்க ஜெபக்குழுவுக்குப் பரிசுத்த ஆவியானவர் போதும்"னு சொல்றவங்க நடபடிகள் 4:13 எடுப்பாங்க, பேதுருவும் யோவானும் படிக்காதவங்கன்னு. அதே புத்தகத்துல 22:3ல பவுல், தான் யூத வேத ஆசிரியர் கமாலியேல் காலடில படிச்சதைச் சொல்றார். 18வது அதிகாரத்துல அப்பொல்லோ வேதத்துல வல்லவர், பேச்சாளர், அவரையே பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும் தனியா கூட்டிட்டுப் போய் திருத்துறாங்க, கூடாரம் செய்ற தம்பதி. தனியா கூட்டிட்டுப் போய், இதைக் கவனிங்க. நான் அந்தப் போதகரை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தினேன். அப்புறம் ஒருநாள் தேடிப்போய் மன்னிப்பு கேட்டேன், அவர் பேசின விதம் இன்னும் எனக்கு ஏத்துக்க முடியலன்னும் சொன்னேன், கேட்டுக்கிட்டார்.

இந்தத் தேடல்ல எனக்குக் கிடைச்ச பெரிய ஆச்சரியம் லூதரோட ஒரு கடிதம். 1530ல ஜெர்மனில கோபர்க் கோட்டைல இருந்தப்ப எழுதினது, ரெண்டு கேள்விக்குப் பதில். ஒண்ணு, ரோமர் 3:28 மொழிபெயர்ப்புல மட்டும்ங்கிற வார்த்தையை ஏன் சேத்தார். இன்னொண்ணு, இறந்த புனிதர்கள் நமக்காக வேண்டுறாங்களா. அந்தக் கடிதத்துலயே அவர் எதிரிகள் டாக்டர்னா நானும் டாக்டர், அவங்க பிரசங்கியார்னா நானும் பிரசங்கியார்னு வரிசையா அடுக்குறார், பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை நினைச்சுக்கிட்டு. 1512ல வாங்கின உண்மையான டாக்டர் பட்டம் அவருக்கு. அதைவிட, 1505ல இடி மின்னல்ல மாட்டிக்கிட்டப்ப, 21 வயசுல, மாதாவோட அம்மாவான புனித அன்னாளைக் கூப்பிட்டு, காப்பாத்தும், நான் துறவி ஆகிடறேன்னு கத்தினதும் அதே ஆள்தான். ரெண்டு பக்கமும் உள்ளுக்குள்ள இருந்து தெரிஞ்ச ஒருத்தர் எழுதினதுன்னு படிக்கிறப்ப, அவர் முடிவை நான் ஏத்துக்கலன்னாலும், மாப்ள ஏன் இவ்வளவு பயப்படுறார்னு புரிஞ்சுது. இடி இடிக்கும்போது வாய்ல முதல்ல யார் பேர் வருதுங்கிறதுதான் அவர் பயம். அம்மா கண்ணைத் திறந்ததும் வந்த பேரைக் கேட்டுத்தான் அவர் முகம் மாறுச்சு.

ஆக, அடில இருக்குற கேள்வி. வேதத்துல இல்லாத ஒண்ணைச் செய்யலாமான்னா மாப்ள செய்யக்கூடாதுன்னுவார், வேதத்துக்கு விரோதமா இல்லாம, ஆதி காலத்துல இருந்து திருச்சபை செஞ்சுட்டு வர்றதைச் செய்யலாம்னு நான் சொல்வேன். உம் சரணடைந்தோம்னு மாதாகிட்ட வேண்டுற செபம் ஒரு பழைய கிரேக்கப் பாப்பிரஸ்ல கிடைச்சிருக்கு, மூணாம் நூற்றாண்டுன்னு பலர் சொல்றாங்க, இன்னும் பிந்தினதுன்னு சிலர். எனக்கு அது பெரிய சாட்சி, அவருக்கு அது பழைய தப்பு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற கோடு எங்க ஓடுதுன்னு இப்பத் தெரியும், அதனால அதை மிதிக்காம நடக்கத் தெரியுது.

அம்மா ரெண்டு வருஷம் நல்லா இருந்தாங்க. கடைசி மாசத்துல மாப்ள பாக்க வந்தப்ப கையைப் பிடிச்சு, "எனக்காக வேண்டிக்கங்க மாப்ள"ன்னாங்க. எனக்குச் சிலிர்த்துடுச்சு, அந்தோனியார்கிட்ட சொல்ற அதே வார்த்தை. அவரும் கவனிச்சிருக்கணும், என்னைப் பாத்தார், அப்புறம் முழங்கால் போட்டு ரொம்ப நேரம் ஜெபம் பண்ணார்.

அடக்கம் முடிஞ்சு ராத்திரி ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்திருந்தோம். நான்தான் கேட்டேன், அம்மா இப்ப நமக்காக வேண்டுவாங்களா மாப்ள? அவர் அவசரப்படல. "அத்தை கர்த்தர்கிட்ட இருக்காங்க, அதுல எனக்குச் சந்தேகமில்ல. இங்க இருந்தப்ப எல்லாருக்காகவும் ஜெபிச்சவங்க, அங்க போய் நிறுத்திடுவாங்கன்னு நினைக்கல. ஆனா அவங்களைக் கூப்பிட்டுப் பேச எனக்கு வசனம் இல்ல மச்சான், அதனால நான் பேசமாட்டேன்." பைபிள் காலேஜ் படிக்காத ஆள், மெலாங்க்தன் பேரே கேள்விப்படாதவர், 1531ல எழுதினதைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னார். அன்னைக்குத்தான் முதல் தடவையா அவர்கிட்ட நேரா மன்னிப்பு கேட்டேன், எங்க படிச்சீங்கன்னு கேட்டதுக்கு.

இப்ப குடும்பமா செபம் பண்ணும்போது ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம். சங்கீதம் ஒண்ணு எல்லாரும் சேந்து, பரலோக மந்திரத்துக்கு ரெண்டு பக்கமும் வார்த்தை கொஞ்சம் மாறும், அவங்கவங்க வழக்கப்படி சொல்லலாம். நான் மாதாவுக்கான செபம் சொல்லும்போது அவர் அமைதியா உக்காந்திருப்பார், சேந்து சொல்லணும்னு யாரும் பாக்குறதில்ல, எழுந்து போகவும் மாட்டார். அவர் நீண்ட ஜெபம் பண்ணும்போது நான் முழுசா இருந்து ஆமென் சொல்வேன். பிள்ளைங்க முன்னாடி அடுத்த பக்கத்தைப் பத்தி, அவங்க அங்க இல்லாதப்ப பேசக்கூடாதுங்கிறது தங்கச்சி போட்ட விதி, அது ஒரு தடவை மட்டும் மீறப்பட்டுச்சு, மீறினது நான்.

மூணு மாசம் முன்னாடி அவர் ஒரு தொலைதூரப் படிப்போட பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பி இதுக்கு அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க மச்சான்னார். ரெண்டு பேரும் சேந்து விசாரிச்சோம், சரியா இருந்துச்சு, கிரேக்க வகுப்புல நானும் சேந்துட்டேன். போன வாரம் மத்தேயு 4:10 படிச்சோம், கர்த்தரைப் பணிந்துகொண்டு அவர் ஒருவருக்கே ஆராதனை செய்வாயாகன்னு இயேசு சொல்றது. மூலத்துல அந்த ஒருவருக்கேங்கிறது லாட்ரியா வார்த்தையோடதான் ஒட்டியிருக்கு, பணியறதுக்கு இருக்குற ப்ரொஸ்குனேயோங்கிற வார்த்தையை ஆதியாகமம் 23:7ல ஆபிரகாம் அந்த ஊர் ஜனங்க முன்னாடி குனியறதுக்கும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல போட்டிருக்காங்க. சந்தோஷத்துல ராத்திரியே அவருக்கு அனுப்பினேன். காலைல பதில் வந்திருந்துச்சு, வெளிப்படுத்தின விசேஷம் 22:8, 9 மட்டும். யோவான் தேவதூதர் காலடில விழப்போறப்ப அவர் வேண்டாம், தேவனைத் தொழுதுகொள்னு தடுக்குற இடம், அங்கயும் அதே ப்ரொஸ்குனேயோதான். நல்ல அடி. நான் இன்னும் பதில் எழுதல, அந்த ரெண்டு வசனத்தையும் கிரேக்கத்துல மறுபடி ஒருதடவை பொறுமையா படிச்சுட்டு எழுதலாம்னு இருக்கேன்.